பேசாப் பிள்ளையின் பெற்றோர் எங்கே போவர்?

போகம் நன்றாய் விளைந்த ஆண்டிலும் வயற்காணி ஈட்டுக்கு வருவதுண்டு. மகளின் சீதனம், மகனின் வெளிநாட்டுப் பயணம், பழங்கடன் ஆகிய காரணங்களை நாம் அறிவோம். இவற்றோடு இன்னுமொன்று இன்று களுவாஞ்சிக்குடிப் பகுதியிலே சேர்ந்திருக்கிறது. மூன்று வயதாகியும் பேசாத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும், கடல் கடந்து இந்தியாவுக்கும் அலைகின்ற செலவே அது.

இந்நிலைக்கு ஓட்டிசம் என்று பெயர். 1943ஆம் ஆண்டு அமெரிக்காவிலே லியோ கானர் என்னும் வைத்தியர் 11 பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கி இதனை எழுதிவைத்தார். இஃது அரிதானதொன்றென நீண்டகாலம் எண்ணப்பட்டது. எமது நாட்டிலே வைத்தியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் ஆய்ந்தோரும், ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட 374 குழந்தைகளைச் சோதித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வோ, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. அவ்வாய்விலே வேறொரு பாடமும் உண்டு. மேனாட்டு வினாத்தாளைத் தாய்மாரிடம் கொடுத்துப் பெற்ற விடைகள் ஓட்டிசமுள்ள பிள்ளைகளைச் சரிவரக் காட்டித் தரவில்லை. ஆகவே படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்று பின்னர் இங்கேயே வகுக்கப்பட்டது. எம் மக்களின் குறையை எம் மக்களின் வழக்கறிந்தே தேடவேண்டும் என்பதற்கு இதைவிட நற்சான்று வேண்டுமோ?

குறி தென்பட்ட பின்னர் என்ன நடக்கிறது? "ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று அயலார் தேற்றுவர். நூல் கட்டப்படும். கோயிலிலே நேர்த்தி வைக்கப்படும். நேர்த்தியை நாம் பழிக்கவில்லை. தவிக்கின்ற தாய்க்குத் தெய்வத்தின் வாசலையும் அடைக்க நாம் யார்? ஆனால், மூளை விரைந்து வளரும் பருவத்திலே, உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டம்.

அதன்பின் பழி வரும்; அது தாயின் தலையிலேயே விழும். கிராமத்தவர் மட்டும் இதனைச் செய்தனர் என்று எண்ணற்க. தாயின் அன்பு குளிர்ந்தமையே காரணமென மேனாட்டுப் படிப்பாளிகளும் எழுதினர். புருனோ பெட்டல்ஹைம் 1967ஆம் ஆண்டிலும் நூலெழுதி அதனைப் பரப்பினார். அதற்கு முன்னரே, 1964ஆம் ஆண்டில், ஓட்டிசமுள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லன்ட், இது தாயின் குற்றமன்று, உடலின் அமைப்பைச் சார்ந்தது என்று நூலெழுதி வாதாடியிருந்தார். காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் அதே ரிம்லன்ட், பிற்காலத்திலே, மெய்ப்பிக்கப்படாத பல வைத்தியங்களைப் பரப்பும் இயக்கத்துக்கு முன்னின்றார். கற்றறிந்த தந்தையொருவரையே ஆசை இவ்வாறு இழுத்துச் செல்லுமாயின், படுவான்கரை விவசாயியை மூடன் என எவர் சொல்லத் துணிவர்?

ஆசையை விற்போர் உலகெங்கும் உளர். 1998ஆம் ஆண்டிலே அன்ட்ரூ வேக்பீல்ட் என்பவர் 12 பிள்ளைகளை வைத்துத் தடுப்பூசியின்மேல் ஐயத்தைக் கிளப்பினார். 2010ஆம் ஆண்டு அக்கட்டுரை மீளப் பெறப்பட்டது, அவரது பெயரும் பிரித்தானிய வைத்தியப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. செக்ரிட்டின் என்னும் ஊசி அற்புத மருந்தெனப் பேசப்பட்டது. 1999ஆம் ஆண்டு வெளியான சோதனையிலே வெறும் உப்புநீர் ஊசியைவிட அது மேலானதன்று எனத் தெரிந்தது. உடலின் உலோக நஞ்சை இறக்குவதாய்ச் செய்யப்பட்ட சிகிச்சையினால் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஐந்து வயதுச் சிறுவனொருவன் உயிரிழந்தான். இன்று விற்பனையிலிருப்பது குருத்தணுச் சிகிச்சை. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறிச் சபை 2022ஆம் ஆண்டிலேயே ஓட்டிசத்துக்கு அதனைப் பரிந்துரைக்க முடியாதெனக் கூறிவிட்டது. காணி உறுதியோடு விமானம் ஏற எண்ணும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

ஓட்டிசத்தை இல்லாமற் செய்யும் மருந்து இன்றில்லை. ஆனால் உதவி உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் செய்யப்பட்ட சோதனையொன்றின் முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியாயின. நிபுணரல்லாத, பயிற்றப்பட்ட ஊழியர் இரு கிழமைக்கொரு முறையாக ஆறு மாதங்கள் பெற்றோருக்கு வழிகாட்டினர். பிள்ளையின் போக்கறிந்து பெற்றோர் பதிலளிக்கக் கற்றனர். பிள்ளை தானாகவே தொடர்பை நாடுவதும் கூடிற்று. அளந்தவை எல்லாமே முன்னேறினவல்ல. எனினும் பெருநகரும் பெருஞ்செலவுமின்றி ஒரு தொடக்கம் செய்யலாம் என்பது புலனாயிற்று.

எம்மிடம் வீடு வீடாய்ச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கின்றனர். பிள்ளையின் நிறையை எழுதும் பதிவேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. களுவாஞ்சிக்குடியிலே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. ஆயின், விசேட நிலையம் எங்கே? 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அயதி நிலையம் ராகமையிலே உள்ளது; இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கும் அதிகம். பயணத்துக்கு இரு நாட் கூலி; தங்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாய், பேச்சுப் பயிற்சி என்பது தாய்மொழியிலே நடக்கவேண்டியது. தமிழறியாத பயிற்சியாளர், தமிழே இன்னும் வாய்க்காத பிள்ளைக்கு எதைப் பயிற்றுவார்?

சட்டம் என்ன சொல்லுகிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காட்டிக் கல்வி நிலையத்திலே அனுமதி மறுத்தலாகாது என்கிறது. மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். அரச நிருவாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் கதவை மூடாதே என்று சொல்லும் சட்டம், உள்ளே பயின்ற ஆசிரியரை வை என்று சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு இலங்கை ஏற்ற ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, இயலாமையுடையோரின் சுகாதார சேவை கிராமப்புறத்திலும் அவர்தம் இருப்பிடத்துக்கு இயன்றளவு அண்மையில் இருத்தல் வேண்டும் என்கிறது. பாராளுமன்றம் சட்டமாக்காதவரை அவ்வுடன்படிக்கையை வைத்து நேரடியாக வழக்காடுதல் அரிது. ஆகவே இது நீதிமன்றத்தோடு முடியும் காரியமன்று. மக்கள் கேட்டுப் பெறவேண்டிய காரியம்.

நாம் கேட்பவை மூன்று. குடும்ப நல உத்தியோகத்தர் இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் இதற்கெனச் சோதிக்கவும், பெற்றோருக்கு வழிகாட்டவும் பயிற்றப்படல் வேண்டும். களுவாஞ்சிக்குடி வைத்தியசாலையிலே தமிழறிந்த பேச்சுப் பயிற்சியாளர் நிரந்தரமாய் நியமிக்கப்படல் வேண்டும். அத்தகையோரை உருவாக்கும் பொறுப்பைக் கிழக்குப் பல்கலைக்கழகம் ஏற்றல் வேண்டும். பட்டிருப்புக் கல்வி வலயத்தின் பாடசாலைகளிலே விசேட கல்வி ஆசிரியருக்கு இடம் ஒதுக்கி, அவ்விடத்தை வெறுமையாய் விடாதிருத்தல் வேண்டும்.

விவசாயப் பெருமக்களே, நீர்ப்பாசனக் கூட்டத்திலே வாய்க்காலைப் பற்றிக் கேட்பதுபோல இதனையும் கேளுங்கள். வைத்தியர்களே, ஆசிரியர்களே, எம்மையொத்த சட்டத்தரணிகளே, அனுமதி மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் வந்தால் மறுப்பை எழுத்திலே பெறச் சொல்லுங்கள், திகதியைக் குறியுங்கள், ஒரு மாதக் கெடுவை நினைவூட்டுங்கள். பெற்றோரே, பிள்ளையை மறைக்காதீர்கள். சுகப்படுத்துவதாய் உறுதி கூறுபவரிடம் சான்று கேளுங்கள். காணி உங்கள் காலத்துக்குப் பின்னும் அப்பிள்ளைக்கு வேண்டும், அதனை விற்றுவிடாதீர்கள்.