யந்திரம் வந்தது, உபாத்தியாயர் எங்கே?

நமது சர்வகலாசாலைகளில் புதிய போதனா சாதனங்களை வாங்குவதில் காட்டும் உற்சாகம், அவற்றைக் கொண்டு போதிப்பதில் காணப்படவில்லை. சாதனம் வந்து இறங்கிய நாளிலேயே காரியம் முடிந்துவிட்டதென்று நிர்வாகிகள் எண்ணுகிறார்கள். இந்த மயக்கம் தெளிய வேண்டும்.

சென்ற கால அனுபவம் நமக்குப் பாடமாக இல்லையா? 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ந் தேதி, கல்விக்கென்றே நாம் அமைத்த முதல் செயற்கைக் கோளாகிய எடுசாட் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து விண்ணேறியது. தேசமே பெருமை கொண்டது. ஆனால் கோள் வானில் சுற்றிக்கொண்டிருக்க, தரையில் அதன் ஒலியையும் ஒளியையும் ஏற்கும் ஏற்பாடுகள் தாமதப்பட்டன. பாடங்களும் போதிய அளவில் தயாராகவில்லை. இக்குறைகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் 2013ஆம் வருஷத்து அறிக்கை எடுத்துக் காட்டியது. கோளோ 2010லேயே ஓய்வு பெற்றுவிட்டது! யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான் இது.

இதற்கு மாறான உதாரணமும் நம்மிடமே உண்டு. 2003ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டெல். திட்டம், சிறந்த ஆசிரியர்களின் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2014 முதல் வாரந்தோறும் பயிற்சி, முடிவில் நேரில் எழுதும் பரீட்சை என்ற முறையும் ஏற்பட்டது. கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள் அமைத்து, அங்குள்ள ஆசிரியரையே வழிகாட்டியாக நியமிக்கவும் வகை செய்தார்கள். யந்திரத்துக்கும் மாணவனுக்கும் நடுவே ஒரு மனிதரை நிறுத்தியதே இதன் சூட்சுமம்.

2017ல் ஸ்வயம் திட்டம் பிறந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவிகிதம் வரை இவ்வழியில் பயிலலாம் என்று 2016ல் விதித்த மானியக் கமிஷன், 2021ல் அதை 40 சதவிகிதமாக உயர்த்தியது. நல்லதே. ஆனால் காலியான உபாத்தியாயர் ஸ்தானங்களை நிரப்பாமலிருப்பதற்கு இவ்விதியைச் சாக்காக்கினால், அது கல்வியன்று. சிக்கனத்தின் பெயரால் செய்யும் வஞ்சகம். திரையை நோக்கி எத்தனை முறை கேட்டாலும், மாணவனின் சந்தேகம் எதுவென்று அது அறியாது.

நாம் கோருவது அதிகமன்று. சாதனத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே ஆசிரியர் பயிற்சிக்கும் பழுது பார்ப்பதற்கும் ஒதுக்குக. வீடியோப் பாடத்தை வழிநடத்தும் ஆசிரியருக்கு அவ்வேலையையும் போதனை நேரமாகவே கணக்கிடுக. வாரத்தில் ஒரு மணி நேரமாவது மாணவரும் ஆசிரியரும் அப்பாடத்தைக் கூடி விவாதிக்கட்டும். இங்கிலீஷில் பெருகியிருக்கும் பாடங்கள் தாய்மொழிகளிலும் பெருகட்டும். கிராமத்துக் கல்லூரி மாணவனுக்கு அதுவே திறவுகோல்.

பொதுஜனப் பணத்தில் வாங்கிய சாதனங்கள் பூட்டிய அறையில் தூசி படிவதைச் சகித்துக்கொண்டிருப்பது தேசத் துரோகத்துக்கு ஒப்பாகும். எத்தனை வாங்கினீர்கள் என்றல்ல, எத்தனை மாணவர் கற்றனர் என்று நிர்வாகிகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.