பழங்குடி ஊருக்குப் பல் சிகிச்சை: மாநிலங்கள் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

அலாஸ்காவின் மேற்கே, யூகான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் ஐம்பதுக்குக் குறையாத சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. யூப்பிக் பழங்குடியினர் வாழும் இந்த ஊர்களுக்கு வெளியுலகிலிருந்து சாலை கிடையாது. சிறு விமானம், கோடையில் படகு, குளிர்காலத்தில் பனி வண்டி, அவ்வளவுதான். 2008இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த வட்டாரத்தின் சில கிராமங்களில் பிள்ளைகளின் பற்களைச் சோதித்தது. நான்கைந்து வயதினரில் 87 சதவீதம் பேருக்குச் சொத்தை. நாடு முழுவதும் அந்த வயதில் இது 35 சதவீதம்தான்.

இங்கெல்லாம் பல் மருத்துவர் எப்போதாவது விமானத்தில் வருவார். சில நாள் தங்குவார். வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டுப் போவார். அடைத்தால் பிழைக்கக்கூடிய பல்லுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். திரும்ப வந்து கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அலாஸ்கா பழங்குடிகளின் சுகாதார அமைப்பு 2003இல் ஒரு முடிவெடுத்தது. தங்கள் இளைஞர்களையே பல் சிகிச்சையாளர்களாக்க நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அமெரிக்காவில் அப்போது அப்படிப்பட்ட படிப்பே இல்லை. நியூசிலாந்தோ 1921 முதலே பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் செவிலியர்களை உருவாக்கி வந்த நாடு. (மகரகமவில் பயிற்சி பெற்று வரும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களை அறிந்த இலங்கை வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது.) படிப்பு இரண்டாண்டு. சொத்தையைச் சுரண்டி அடைப்பது, சிக்கலில்லாத பல்லைப் பிடுங்குவது, சொத்தை வராமல் காப்பது ஆகியவை இவர்கள் வேலை. அதற்கு மேற்பட்டதை, தொலைவிலிருந்து மேற்பார்வையிடும் பல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

படித்துத் திரும்பியவர்கள் வேலையைத் தொடங்கிய சூட்டோடு, 2006இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. பல் மருத்துவப் பட்டம் இல்லாதவர் கையில் கருவியைக் கொடுப்பது பழங்குடியினருக்கு இரண்டாந்தர சிகிச்சை தருவதாகும் என்பது அதன் வாதம். முதல்தரம் எது என்பதில் நமக்கும் சங்கத்துக்கும் சண்டையில்லை. ஆனால் அந்த முதல்தர மருத்துவர்கள் யாரும் அந்த ஊர்களில் குடியேற முன்வரவில்லையே! காலி நாற்காலிக்குக் காவல் நிற்பது எப்படி நோயாளியின் நலனாகும்? 2007இல் நீதிமன்றம் சங்கத்தின் வாதத்தை ஏற்கவில்லை. பயிற்சியும் அலாஸ்காவுக்கே வந்துசேர்ந்தது.

விளைவு என்ன? சிகிச்சையாளர்கள் கூடுதல் நாள் பணியாற்றிய கழிமுக ஊர்களில் பல் பிடுங்குவது குறைந்து, தடுப்புச் சிகிச்சை கூடியிருப்பதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளை என்பதன் பலன் அடைப்பதோடு நிற்பதில்லை. பாலூட்டும் தாயிடம் யூப்பிக் மொழியில் பேச அவரால் முடியும். ஆறு மாதம் கழித்து அதே குழந்தையைத் தேடிப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லவும் முடியும்.

இத்தனைக்குப் பிறகும், 2010இல் புதுப்பிக்கப்பட்ட பழங்குடி சுகாதாரச் சட்டம் ஒரு முட்டுக்கட்டையைச் செருகியது. அலாஸ்காவுக்கு வெளியே, மாநிலச் சட்டம் அனுமதித்தாலொழிய, கூட்டரசின் சுகாதார உதவியாளர் திட்டத்தின்கீழ் பழங்குடிகள் பல் சிகிச்சையாளரை வைத்துக்கொள்ள முடியாது. தமக்கெனத் தனி அரசு உடையவர்கள் என்று அமெரிக்காவே ஏற்றுக்கொண்ட மக்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டுமாம். அங்கே பல் மருத்துவர் சங்கங்களின் குரல் எவ்வளவு ஓங்கி ஒலிக்கும் என்பது ஊரறிந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்வினோமிஷ் பழங்குடியினர் காத்திருக்கவில்லை. தாங்களே உரிமம் கொடுத்து, அலாஸ்காவில் பயின்ற ஒருவரை 2016இல் பணியமர்த்தினார்கள். மாநிலம் மறு ஆண்டு சட்டம் இயற்றி வழிக்கு வந்தது. அந்தத் துணிவும் வசதியும் எல்லாப் பழங்குடிகளுக்கும் வாய்க்காது. நிபந்தனையை நாடாளுமன்றமே நீக்க வேண்டும்.

கூடவே பயிற்சிக்கு நிலையான நிதியும் வேண்டும். கனடா 1972இல் வடமேற்குப் பிரதேசத்தில் தொடங்கிய தேசிய பல் சிகிச்சைப் பள்ளியை, பின்னர் சஸ்காச்சுவானுக்கு மாற்றி, 2011இல் பணம் தராமல் மூடியது. அந்த மாகாணத்தில் படிப்பு மீண்டும் தொடங்கியது 2023இல்தான்.

சிகிச்சையாளர் வந்துவிட்டால் சொத்தை ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கழிமுகத்தின் பல வீடுகளில் இன்னும் குழாய்த் தண்ணீர் இல்லை. குழந்தைகள் கையில் குளிர்பானம். குழாய் போடப் பெரும்பணம் வேண்டும், அதற்குத் தாமதமானால் காரணம் சொல்லலாம். 2010இன் அந்த நிபந்தனையை நீக்குவதற்கு அப்படியொரு காரணமும் கிடையாது.