57 சதவீதம் யார் குற்றம்?



நம் பேரவை மலரில் நட்பைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் நிறையக் கவிதைகள் வரும். எனக்குக் கவிதை வராது. மெக்கானிக்கல் படிக்கிறவன், மெஷினைப் பற்றித்தான் எழுத வரும். மெஷினை அளக்கும் கணிப்பொறியைப் பற்றியும், அந்த மெஷின் முன்னால் நிற்கும் மனிதனைப் பற்றியும் எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள். இன்னும் சில மாதத்தில் வேலைக்குப் போகிறபோது நம் எல்லோர் தலையிலும் விழப்போகிற கணக்குதான் இது.

இன்று எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் கணிப்பொறி இருக்கிறது. முன்பெல்லாம் சம்பளக் கணக்கும் ஸ்டோர் கணக்கும் மட்டுமே அதில் ஏறும். இப்போது உற்பத்தியும் ஏறுகிறது. பெரிய கம்பெனி என்றால் எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள். 1972-ல் ஜெர்மனியில், ஐ.பி.எம்.-ல் வேலை பார்த்த ஐந்து பேர் வெளியே வந்து தொடங்கிய நிறுவனம் அது. சின்னப் பட்டறை என்றால் எக்ஸெல். எதுவாக இருந்தாலும் மாதக் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மெஷின் எத்தனை சதவீதம் ஓடுச்சு?"

அந்தச் சதவீதத்துக்கு ஓ.இ.இ. என்று பெயர். 'ஓவரால் எக்யூப்மென்ட் எஃபெக்டிவ்னஸ்' என்பதன் சுருக்கம். ஓர் இயந்திரத்தின் மொத்தப் பயன் என்று தமிழில் சொல்லலாம். இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது? ஓடிய நேரத்தில் உரிய வேகத்தில் ஓடியதா? வந்த பீஸ்களில் நல்ல பீஸ் எத்தனை? மூன்றுக்கும் விடை கண்டுபிடித்துப் பெருக்கினால் ஓ.இ.இ. கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஷிஃப்டுக்கு 8 மணி, அதாவது 480 நிமிடம். சாப்பாடு, டீ, ஷிஃப்ட் மாறும் நேரம், திட்டமிட்ட பராமரிப்பு எல்லாம் போக மெஷின் ஓட வேண்டிய நேரம் 400 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 நிமிடம் நின்றுவிட்டது. ஓடியது 300. எனவே முதல் விடை 75 சதவீதம். ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம் என்றால் 300 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 240. இரண்டாவது விடை 80 சதவீதம். அந்த 240-ல் 12 ரிஜெக்ட், நல்லது 228. மூன்றாவது விடை 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 57 சதவீதம்.

சுவரில் மாட்டிய டி.வி. திரையில் இந்த 57 சிவப்பு நிறத்தில் வரும். அதன் பக்கத்தில் மெஷின் நம்பரும் ஆபரேட்டர் பெயரும் வரும். அவ்வளவுதான், பார்க்கிறவர்களெல்லாம் ஆபரேட்டரைத்தான் பார்ப்பார்கள்!

ஆனால் அந்த 100 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். வார்ப்பு வராமல் நின்றது 50 நிமிடம். ஸ்டோரில் இன்சர்ட் கிடைக்காமல் நின்றது 20. கரன்ட் போனது 20. ஆஃப்செட் சரிசெய்ய ஆபரேட்டர் எடுத்துக்கொண்டது 10. வேகம் ஏன் குறைந்தது? தேய்ந்த இன்சர்ட்டை வைத்துக்கொண்டு ஃபீடைக் குறைத்து ஓட்ட வேண்டியிருந்தது. 12 பீஸ் ஏன் ரிஜெக்ட்? வார்ப்பிலேயே புளோ ஹோல். இப்போது சொல்லுங்கள் நண்பர்களே, 57 சதவீதம் யார் குற்றம்?

இது நானாகக் கற்பனை செய்த உதாரணம்தான். ஆனால் இதே மாதிரி ஒன்றை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விடுமுறையில் நான் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு சி.என்.சி. மெஷின் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை வைத்திருந்தார்கள். மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று ஆபரேட்டர் ஒரு பட்டனைத் தொட வேண்டும். காரணங்களின் பட்டியல் முழுவதும் இங்கிலீஷ். முதலில் இருந்தது 'ஆபரேட்டர் டிலே'. கடைசியில் இருந்தது 'அதர்ஸ்'. வார்ப்பு வரவில்லை என்பதற்கு அதில் இடமே இல்லை. ஆகவே எல்லாரும் 'அதர்ஸ்' என்பதையே தொட்டார்கள். மாதக் கடைசி ரிப்போர்ட்டில் மெஷின் நின்றதற்கு முதல் காரணம் எது தெரியுமா? 'அதர்ஸ்'! அந்த மாதம் அங்கே சிலருக்கு இன்சென்டிவ் கிடைக்கவில்லை. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவரும் அதில் அடக்கம். "தம்பி, வார்ப்பு வரலைன்னு நான் வாயால சொல்றேன். ஆனா கம்ப்யூட்டருக்குக் காது இல்லையே" என்றார்.

இதைப் படித்துவிட்டு நான் கணிப்பொறிக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய முறை ஒன்றும் பொற்காலம் அல்ல. சூப்பர்வைசர் டைரியில் எழுதிய காலத்தில் வேண்டியவனுக்கு ஒரு கணக்கு, வேண்டாதவனுக்கு ஒரு கணக்கு. சொந்தக்காரன் மெஷினுக்கு மட்டும் நல்ல மெட்டீரியல் முதலில் போகும். சென்சாருக்குச் சாதி தெரியாது, ஊர் தெரியாது, உறவு தெரியாது. அந்த வகையில் கணிப்பொறி வந்தது நல்லதுதான். நான் கேட்பதெல்லாம், நின்ற நேரத்தைப் பதிவு செய்கிற கணிப்பொறி நின்ற காரணத்தையும் நேர்மையாகப் பதிவு செய்யட்டும் என்பதுதான்.

அளக்கும் கருவி எங்கள் வீட்டுக்குப் புதிது அல்ல. என் அம்மா ஸ்பின்னிங் மில்லில் சைடர். கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆனாலும் அம்மாவுக்கு ஹாங்க் மீட்டரைப் படிக்கத் தெரியும். 840 கெஜம் நூல் ஒரு ஹாங்க். ஷிஃப்ட் முடிகிறபோது மீட்டரில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் அன்றைய மரியாதை. "டாஃபிங்குக்கு ஆள் வரலைன்னா மெஷின் நிக்கும். மெஷின் நின்னா ஹாங்க் குறையும். திட்டு மட்டும் எனக்கு" என்பார். ஓ.இ.இ. என்ற சொல்லே தெரியாத என் அம்மா அதன் குறையை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். மீட்டர் எவ்வளவு ஓடியது என்று சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது.

இந்தச் சண்டை நம் ஊரில் தொடங்கியதும் அல்ல. அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் என்பவர் 1880-களிலேயே ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு தொழிலாளியின் வேலையை அளக்கத் தொடங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் இடத்திலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் 1911-ல் அந்த முறை புகுந்தபோது வார்ப்புப் பட்டறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். விசாரணை நடந்தது. ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்கக் கூடாது என்று 1915-ல் அந்நாட்டு நாடாளுமன்றமே தடை போட்டது. 1949 வரை அந்தத் தடை நீடித்தது. தொழிலாளியைக் கேட்காமல் தொழிலாளியை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

ஜப்பானில் வேறு விதமாக யோசித்தார்கள். சாகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நிற்பதை அவர் குற்றமாகப் பார்க்கவில்லை. கெட்ட துணி நெய்வதைவிட நிற்பது மேல் என்று பார்த்தார். அதே குடும்பத்தின் கார் தொழிற்சாலையில், கோளாறு கண்டால் தொழிலாளியே கயிற்றை இழுத்து விளக்கை எரிய வைக்கலாம், லைனையே நிறுத்தலாம். அங்கே விளக்கு எரிந்தால் தலைவர் ஓடி வருவார், உதவி செய்ய! நம் ஊரில் சிவப்பு எரிந்தால் ஓடி வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று நமக்கே தெரியும்.

ஓ.இ.இ. என்ற கணக்கைப் பரப்பியவரும் ஜப்பானியர்தான், பெயர் செய்ச்சி நாகஜிமா. டி.பி.எம். என்னும் பராமரிப்பு முறையின் ஓர் அங்கமாக இதைத் தந்தார். மெஷினை ஓட்டுகிறவர்களே சிறு குழுக்களாகச் சேர்ந்து, தங்கள் மெஷினின் இழப்புகளைத் தாங்களே கண்டுபிடித்துத் தீர்ப்பதற்கான கணக்கு இது. மெஷின் பழுது, செட்டிங் நேரம், சின்னச் சின்ன நிறுத்தங்கள், வேகக் குறைவு, ரிஜெக்ட், தொடக்கத்தில் வீணாகும் பீஸ் என்று ஆறு பெரிய இழப்புகளை அவர் பிரித்துக் காட்டினார். ஆறில் எதற்கும் ஆபரேட்டரின் பெயர் வைக்கவில்லை! 90, 95, 99 என்று மூன்று இலக்குகளையும் சொன்னார். பெருக்கினால் ஏறக்குறைய 85 வரும். அந்த 85-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, சிறு குழுவை விட்டுவிட்டார்கள் நம் ஆட்கள். கரும்பை விட்டுவிட்டுச் சக்கையைத் தூக்கிவந்த கதைதான்.

தமிழ்நாட்டில் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலேயே முதல் முறை. 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் பெற்றது. அந்தப் பரிசுக்குப் பெயர் கொடுத்த டெமிங் யார்? தொழிலாளிக்கு எண்ணிக்கைக் கோட்டா வைக்கும் பழக்கத்தை ஒழியுங்கள் என்று தம் 14 கொள்கைகளில் ஒன்றாகவே சொன்னவர். அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் கீழேயே கோட்டா போர்டையும் மாட்டினால் எப்படி?

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். எண்ணுக்காகவே ஓடினால் எண் பொய் சொல்லத் தொடங்கும். மேலே போட்ட கணக்குக்கே வருவோம். வார்ப்பு வராத 50 நிமிடத்தை 'திட்டமிட்ட நிறுத்தம்' என்று மாற்றி எழுதுங்கள். ஓட வேண்டிய நேரம் 350 ஆகிவிடும். ஓ.இ.இ. 57-லிருந்து 65-க்கு ஏறிவிடும். ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம் என்பதை ஒன்றேகால் நிமிடம் என்று மாற்றுங்கள், வேகம் 100 சதவீதம்! நல்ல பீஸ் அப்போதும் அதே 228தான். முதலாளிக்கு லாபமில்லை, தொழிலாளிக்கும் லாபமில்லை. திரை மட்டும் பச்சையாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

சரி, இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நமக்குத்தான் வேலை! மேலே இன்ஜினியர், கீழே ஆபரேட்டர், நடுவில் நிற்பவன் டிப்ளமோ படித்தவன். அந்தக் காரணப் பட்டியலைத் தயார் செய்யப் போவதும், எண்ணை ஏற்றப் போவதும், மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்கப் போவதும் நாம்தான். ஆகவே என் கருத்துகள் சிலவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, காரணப் பட்டியல் தமிழில் இருக்க வேண்டும். மெஷின் ஓட்டுகிறவர்களை உட்கார வைத்துக் கேட்டுத் தயாரிக்க வேண்டும். எந்த மாதம் 'அதர்ஸ்' முதலிடத்துக்கு வருகிறதோ, அந்த மாதம் பட்டியல்தான் தப்பு, ஆள் அல்ல.

இரண்டாவது, ஷிஃப்ட் முடியும் முன் அன்றைய எண்ணை ஆபரேட்டருக்குக் காட்ட வேண்டும். "இது சரியில்லை" என்று அவர் சொன்னால் அதையும் பதிய ஓர் இடம் வேண்டும்.

மூன்றாவது, மெஷினின் எண்ணை மனிதனின் சம்பளத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. வார்ப்பு வராததற்கு பர்ச்சேஸ் பிரிவு பதில் சொல்லட்டும், இன்சர்ட் இல்லாததற்கு ஸ்டோர் பதில் சொல்லட்டும்.

நான்காவது, இதை நம் கல்லூரியிலேயே பழக வேண்டும். நாங்கள் மூன்று நண்பர்கள் நம் ஒர்க் ஷாப்பில் ஒரு லேத்தை ஒரு வாரம் கவனித்தோம். ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்து, கம்ப்யூட்டர் லேபில் எக்ஸெலில் ஏற்றிப் பார்த்தோம். லேத் நின்றதற்கு முதல் காரணம் மாணவர்களின் சோம்பேறித்தனமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வந்த விடையோ, சக் சாவி தேடிய நேரம்! இரண்டு லேத்துக்கு ஒரு சாவி. இன்னொரு சாவி வாங்கினால் தீர்ந்துபோகிற விஷயம். லட்ச ரூபாய் மென்பொருள் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் "ஏன் நின்றது?" என்று லேத்தில் நின்றவனையே கேட்டோம். இதை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு லேப் பயிற்சியாக வைக்கும்படி நம் பேரவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கோரிக்கை.

நண்பர்களே! நாளை நம் கையில் ஒரு ரிப்போர்ட் வரும். அதில் ஒரு சிவப்பு எண் இருக்கும், பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கும், அங்கே முதல் தலைமுறையாக ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஏ.சி. அறையை விட்டு எழுந்து, மெஷின் வரைக்கும் நடந்து போய், "அண்ணே, ஏன் நின்னுச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்போம். எந்த மென்பொருளிலும் இதற்கு பட்டன் கிடையாது. நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்போமா?

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை