தலைப்பாகையா, தலைக்கனமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையிலே கணியம்பாடி. அதற்குப் பக்கத்திலே கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்பதால் 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கும் ஊர். சாலை போய்ச் சேரும் வேலூரிலே நிற்கிறது கோட்டை. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு தாயும் அறியவேண்டிய பாடம் அந்தக் கோட்டையிலே இருக்கிறது.

1805 நவம்பரில், சென்னைப் படையின் தளபதி கிரடாக் புதுத் தலைப்பாகை ஒன்றைக் கட்டாயமாக்கினார். அதிலே தோல் சின்னம்! அடுத்து, அணிவகுப்பிலே நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசைக்கும் அளவு உண்டு என்று விதி வந்தது. சில்லறை விதிகள்தானே என்றெண்ணினர் சீமான்கள்!

1806 மே மாதம் வேலூர்ச் சிப்பாய்கள் மறுத்தனர். கிடைத்த பதிலென்ன? விளக்கமா? விசாரணையா? இருவருக்குத் தலைக்கு 900 கசையடி! 19 பேருக்கு 500 அடி விதித்து, மன்னிப்புக் கேட்டபின் விட்டனர். கலகம் வருகிறதென்று முன்கூட்டியே சொன்ன முஸ்தபா பேக் என்ற சிப்பாயைப் பைத்தியக்காரனென்று அடைத்து வைத்தனர்.

ஜூலை 10, விடியுமுன் கோட்டை வெடித்தது. வெள்ளையர் நூற்றுக்கு மேல் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை பாய்ந்து வந்தது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். பிறகு? தலைப்பாகை உத்தரவு போயிற்று. 1807இல் கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

கோட்டையிலிருந்த திப்புவின் மக்கள் தூண்டினர் என்பாரும் உண்டு. இருக்கட்டும்! பொறி எவர் கையிலிருந்து விழுந்தாலும், வைக்கோலை உலர்த்தி வைத்தவர் யார் என்றுதான் கேட்கிறோம்.

அப்படியானால் படைக்குச் சீருடை விதியே வேண்டாமா? வேண்டும். விமானப்படை வீரர் ஒருவர் மத அடிப்படையில் தாடி வைக்க உரிமை கோரிய வழக்கை, 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பல மதத்தார் கூடிய படைக்கு ஒரே தோற்றம் தேவை என்ற வாதத்தை நாம் ஏற்கிறோம். அந்த வீரர் தோற்றார். ஆனால் அவர் வாதம் கேட்கப்பட்டது, காரணம் சொல்லப்பட்டது. கசையடிக்கும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு அதுதான்!

1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்திலே 63ஆம் பிரிவு உண்டு. ஒழுங்குக்குக் குந்தகமான எந்தச் செயலும் அதற்குள் அடங்கும். 7 ஆண்டு வரை சிறை. அதே சட்டத்திலே 26ஆம் பிரிவும் உண்டு. அநீதி இழைக்கப்பட்ட வீரர் மேலே முறையிடலாம் என்பது அது. முன்னது கூர்வாளாகவும், பின்னது அட்டைக் கத்தியாகவும் இருந்தால் நீதி ஏது?

பித்தான் பூட்டச் சொல்லுங்கள், தவறில்லை. ஏனென்றும் சொல்லுங்கள். அதிகாரியின் பித்தானையும் அதே கண்ணால் பாருங்கள். முறையிட்டவரைப் பழிவாங்காதீர்கள். உயிரையே தரத் துணிந்தவர்க்கு, ஒரு செவி தரக்கூடாதா?