வளைஞ்ச தூணை யார் வந்து சொல்வா?

அவனியாபுரத்துல இருந்து ரிங் ரோடு ஏறி கப்பலூர் சிட்கோ பக்கம் ஒருதரம் போய்ப் பாருங்க. நம்மள்ல சிலர் டிகிரி முடிச்சு சூப்பர்வைசரா நிக்கப்போறது அந்த மாதிரி ஒரு குடோன்லதான்.

ஃபோர்க்லிஃப்ட் கவிழ்றதைப் பத்தி எல்லாரும் பேசுறோம். ராக் தூண்ல லேசா இடிக்கிறதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. அந்த வண்டிக்குத் திரும்புறது பின்சக்கரம். பேலட்டை வெச்சிட்டுத் திரும்பும்போது வால்பக்கம் வெளியே வீசும், இடி விழும். தூணோ மெல்லிய தகட்டை மடிச்சுச் செஞ்சது. நாம மனப்பாடம் பண்ண ஆய்லர் ஃபார்முலா நேரான தூணுக்குத்தான். வளைஞ்சதுக்கு அந்த பலம் கிடையாது. ஐரோப்பிய இஎன் 15635 தரநிலைப்படி, 1 மீட்டர் நீளத்துல பாதைவாக்கில் 5 மி.மீ., ஆழவாக்கில் 3 மி.மீ. வளைவுதான் எல்லை. அதுக்கு ரெண்டு மடங்கைத் தாண்டினா உடனே சரக்கை இறக்கணும்.

ஒரு ராக் சரிஞ்சா பக்கத்து வரிசையும் போகலாம். 2016 மே மாசம் இங்கிலாந்தின் ஹின்ஸ்டாக்கில் சீஸ் அடுக்கின ராக்குகள் சரிஞ்சப்போ, உள்ளே சிக்கின டிரைவரை உயிரோட மீட்க பல மணி நேரம் ஆச்சு.

5 மி.மீ. வளைவு நம்ம கண்ணுக்குத் தெரியாது, இடிச்ச அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் கான்ட்ராக்ட் ஆளு. "இடிச்சா சம்பளத்துல பிடிப்போம்"னா அவர் ஏன் வாய் திறக்கணும்? தானா வந்து சொல்றவர்கிட்ட ஒத்த ரூபாகூட பிடிக்கக்கூடாதுங்கிறதுதான் என் கட்சி. "அப்ப இஷ்டத்துக்கு இடிப்பாங்களே"ன்னு மேனேஜர் கேட்பார். தூணடியில கார்டு போடச் சொல்லுங்க, ஷிஃப்ட் முடியுற நேரத்துல விரட்டாதீங்கன்னு சொல்லுங்க. இடிக்கிறது அதுல குறையும், அபராதத்துல இல்ல.