தஞ்சாவூர் 'மோடி' கட்டுகளை ஏ.ஐ படித்துவிடுமா?

தலைப்பைப் பார்த்ததும் அரசியல் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த 'மோடி' ஓர் எழுத்து முறை. மராத்தி மொழியை வேகமாக எழுதப் பயன்பட்டது. தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டிய மன்னர்கள் காலத்து நிர்வாகக் காகிதங்கள் ஏராளமாக இந்த எழுத்தில்தான் இருக்கின்றன. சரசுவதி மகால் நூலகத்தில் கட்டுக் கட்டாக அவற்றைப் பாதுகாத்து வருகிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது?

அரண்மனைச் செலவு, கோயில் திருவிழா, சத்திரத்துச் சாப்பாடு, நாட்டியக் கலைஞர்களுக்கும் வைத்தியர்களுக்கும் கொடுத்த சம்பளம் என எல்லாமே கணக்கு வழக்குகள். ராஜாவின் பெருமையைக் கல்வெட்டில் படிக்கலாம். அந்தக் காலத்தில் சாதாரண மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது இந்தக் காகிதங்களில்தான் தெரியும்.

ஏன் படிக்க முடியவில்லை?

முதலில் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. அதிலிருந்து தொங்குவதுபோல, பேனாவை எடுக்காமல் எழுதிக்கொண்டே போவார்கள். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது. இகரத்தில் குறில், நெடில் வித்தியாசமும் பெரும்பாலும் கிடையாது. மராத்தி நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிஞர்களை வைத்து ஒரு பகுதியைத் தமிழாக்கி, 1989-ல் 3 தொகுதிகளாக வெளியிட்டது. படிக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களோ மிகச் சிலர்.

ஏ.ஐ எங்கே வருகிறது?

மோடி எழுத்தைத் தேவநாகரிக்கு மாற்றும் 'மோஸ்க்நெட்' என்ற ஏ.ஐ முறையை ஐ.ஐ.டி ரூர்க்கி குழு 2025-ல் அறிவித்தது. 2,000-க்கும் மேற்பட்ட ஆவணப் படங்களையும், அவற்றுக்கு நிபுணர்கள் எழுதிக்கொடுத்த சரியான வாசிப்பையும் காட்டி அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்தும் மத்திய அரசின் 'ஞான பாரதம்' திட்டமும் அதே ஆண்டு பட்ஜெட்டில் வந்தது.

சிக்கல் என்ன?

அந்தப் பயிற்சி சிவாஜி காலம், பேஷ்வா காலம், ஆங்கிலேயர் காலம் என்று மகாராஷ்டிரத்து ஆவணங்களை வைத்து நடந்தது. தஞ்சாவூர்க் கணக்கில் தமிழ் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தமிழ்ச் சொல் எல்லாம் கலந்து வரும். இன்னொன்று, எழுத்து புரியாத இடத்தில் அறிஞர் புள்ளி வைத்து விட்டுவிடுவார். ஏ.ஐ தானாக ஒன்றை இட்டு நிரப்பிவிடும். 10 கலம் நெல் 100 கலம் ஆகிவிட்டால், அந்த வருடம் டெல்டாவில் அமோக விளைச்சல் என்று நாளைக்கு யாராவது கட்டுரையே எழுதிவிடலாம்!

ஆகவே, தஞ்சாவூர்க் காகிதத்தைப் படிக்க ஏ.ஐ-க்குத் தஞ்சாவூர்ப் பாடம்தான் தேவை. அறிஞர்கள் ஏற்கெனவே படித்து முடித்த பக்கங்களே அதற்கு நல்ல பாடப் புத்தகம். அது படித்ததைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். இன்றைக்கு நாலு இளைஞர்களுக்கு மோடி எழுத்தைச் சொல்லிக்கொடுக்காவிட்டால், நாளைக்கு ஏ.ஐ தப்பாகப் படித்தாலும் 'தப்பு' என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில்...

பழைய ஓலையோ, பத்திரமோ இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். ஃபிளாஷ் போடாமல், பகல் வெளிச்சத்தில் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையே இருக்கிறது. அங்கே காட்டி விவரம் கேட்கலாம். ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டதை உ.வே.சா. வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நம் வீட்டு ஓலைக்கு அந்தக் கதி வேண்டாமே!