கம்பம் ஊருடையது, கம்பி யாருடையது?

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. கோவை ஆலைத் தொழிலாளியும் தஞ்சை விவசாயத் தொழிலாளியும் மகள் கல்யாணத்துக்குத் துணியெடுக்க ஒரு தடவையாவது அங்கே வந்து நெரிசலில் மிதிபட்டிருப்பார்கள். அந்தப் பளபளப்பான கடைகளில் பகல் முழுவதும் நின்றபடியே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே (அவர்கள் உட்கார ஒரு ஆசனம் போடு என்று கடை முதலாளிகளுக்குச் சொல்ல 2021இல் தனியாக ஒரு சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது!), அவர்கள் இரவு வீடு திரும்பிக் காலை நீட்டி உட்கார்ந்து அரை மணி நேரம் டி.வி. பார்க்கலாம் என்றால், பெட்டியில் படம் இல்லை. "சிக்னல் இல்லை" என்ற எழுத்து மட்டும் நிற்கிறது.

சமீபத்தில் கண்ணம்மாபேட்டைப் பக்கத்துச் சந்துகளில் வீடு வீடாகப் போனோம். ரேஷன், தண்ணீர், பட்டா என்று பேச்சு தொடங்கி, எல்லா வீட்டிலும் கேபிளில் வந்து முடிந்தது. "மழை வந்தா படம் போயிடும் தோழர், காசு வாங்க வர்ற தேதி மட்டும் ஒரு நாளும் போகாது" என்றார் ஒரு அம்மாள். சந்தாவுக்கு ரசீது கிடையாது. ஆபரேட்டரை மாற்றலாம் என்றால், இந்தத் தெரு இவருக்கு, அந்தத் தெரு அவருக்கு என்று எல்லை பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்புவது நாலு சேனல். தலையில் கட்டுவது நாற்பது. ஒரு படி அரிசி வாங்கப் போனவனிடம் ஐந்து படி உமியையும் சேர்த்து வாங்கினால்தான் அரிசி என்கிற வியாபாரம் இது.

சரி, யாரிடம் புகார் செய்வது? மாநகராட்சிக் கவுன்சிலரிடம் போனால், அது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. தெருவிளக்குக் கம்பம் மாநகராட்சியுடையது. அதில் கொடிபோலச் சுற்றித் தொங்கும் கம்பி கம்பெனியுடையது. கம்பிக்கு வாடகை கேட்கலாம். அனுமதியில்லாத கம்பியை ஆள் வைத்து அறுக்கலாம். இப்படி மாநகராட்சிக்கு இருப்பதெல்லாம் வெறும் கத்தரிக்கோல் அதிகாரம்! அறுத்தால் யார் வீட்டில் இருட்டு? கம்பெனி முதலாளி வீட்டிலா? கட்டணம் எவ்வளவு, ரசீது எங்கே, பழுதை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று கேட்க, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலுக்கு யோக்கியதை இல்லையாம்.

1995ஆம் ஆண்டு மத்திய கேபிள் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகள் என்று அது சொல்வது கலெக்டர், சப்-கலெக்டர், போலீஸ் கமிஷனர். ஓட்டுப் போட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆபரேட்டர் தன் பெயரைப் பதிவு செய்வது வட்டாரத் தலைமைத் தபாலாபீசில், 500 ரூபாய் கட்டி. 2025 ஜனவரியில் அதையும் மாற்றி, டில்லி மந்திரி இலாகாவிடமே கம்ப்யூட்டர் மூலம் பதிய வேண்டும், கட்டணம் 5000 ரூபாய், ஆயுள் ஐந்து வருஷம் என்று ஆக்கிவிட்டார்கள். முன்பு தபாலாபீஸ் வரை நடந்தாவது போகலாம். இனி டில்லிக்குத்தான் நடக்க வேண்டும். இத்தனைக்கும் இந்த நகருக்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயச் செட்டியார், சென்னை மாநகராட்சியின் அதிகாரி அல்லாத முதல் தலைவராக இருந்தவர்! அவர் கட்சி ஜமீன்தார்களின் கட்சி. நமக்கு அவரிடம் உறவில்லை. ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்து மாநகராட்சிக்கே அதிகாரம் போதவில்லை என்று குரல் எழுந்தது. இன்றைக்கோ 2016 அக்டோபர் முதல் 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலே இல்லாமல் ஓட்டினார்கள்.

"வயிற்றுக்கே வழியில்லை, டி.வி. ஒரு பிரச்னையா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். உங்கள் ஆலை வாசலில் கதவடைப்பு நடந்தால் அதை ஊருக்குக் காட்டுவதா, மறைப்பதா என்று தீர்மானிப்பவன் எவனோ, அவன் கையில்தான் இந்தக் கம்பியும் இருக்கிறது. காற்றில் வரும் அலைகள் பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. பொதுச்சொத்து யார் வீட்டுக் கொல்லையில் மேய்கிறது என்று பார்ப்போம்.

2006 தேர்தலில் தி.மு.க. இலவசக் கலர் டி.வி. தருவதாகச் சொன்னது, தந்தது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் குடிசை குடிசையாக வந்திறங்கின. பெட்டி இலவசம், கம்பிக்குக் காசு! அந்தக் காசு போன இடங்களில் பெரியது சன் குழுமம். முதல் மந்திரியின் உறவினர் நடத்துவது. சேனலும் அவர்களுடையது, சென்னையில் கம்பியை ஆண்ட சுமங்கலி கேபிள் விஷனும் அவர்களுடையது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா சர்க்கார் கேபிள் கம்பெனிகளைக் கையகப்படுத்த மசோதா நிறைவேற்றியதே என்பீர்கள். தேர்தலுக்கு நாலு மாதம் இருக்கையில் வந்த ஞானோதயம் அது! ஒப்புதல் கிடைக்கவில்லை, மே மாதம் ஆட்சியும் மாறியது.

பிறகு குடும்பத்துக்குள்ளேயே சண்டை. 2007 மே மாதம் மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் மாண்டார்கள். முதலாளிகளின் சண்டையில் செத்தவர்கள் தொழிலாளிகள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் "அரசு கேபிள்" என்ற பொதுத்துறைக் கழகம் பிறந்தது. 2008 ஜூலையில் தஞ்சாவூரில் தொடங்கி, கோவை, நெல்லை, வேலூர் என்று போனது. கழகத்தின் கம்பிகள் அறுக்கப்படுகின்றன என்று புகார் சொன்ன அதிகாரி உமாசங்கர் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். டிசம்பரில் குடும்பம் சமாதானமாயிற்று. கழகம் படுத்துவிட்டது! ஜனங்களுக்காகப் பிறந்த குழந்தையா அது? பங்காளிச் சண்டைக்கு எடுத்த சாட்டை; சண்டை தீர்ந்ததும் சாட்டையைப் பரணில் போட்டார்கள்.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதைப் பரணிலிருந்து எடுத்தார். மாதம் 70 ரூபாய். அதில் 20 கழகத்துக்கு, 50 ஆபரேட்டருக்கு. கிராமத்து வீடுகளுக்கு இது நிம்மதி. இதை மறுக்க மாட்டோம். ஆனால் டிஜிட்டல் லைசென்ஸ் தர டில்லி 2017 ஏப்ரல் வரை இழுத்தடித்தது. சர்க்கார்கள் இந்தத் தொழிலுக்குள் வரவே கூடாது என்று டிராய் ஆணையம் 2008இலும் 2012இலும் சிபாரிசு செய்தது. ஆளும் கட்சி தனக்குப் பிடிக்காத சேனலை இருட்டடிப்புச் செய்யுமாம். அந்தப் பயம் வீணல்ல; அப்படிப்பட்ட புகார்கள் வரத்தான் செய்தன. ஆனால் ஒரே முதலாளி சேனலையும் கம்பியையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இருட்டடிப்பு வராதா? அந்தப் பயம் மட்டும் டில்லிக்கு ஏன் வரவில்லை? கடைசியில் அரசுக் கழகத்தின் கதி என்ன? 2022 நவம்பரில், மென்பொருள் கொடுத்த தனியார் கம்பெனியோடு தகராறு என்று லட்சக்கணக்கான வீடுகளில் பெட்டி நின்றுபோயிற்று. சொந்தச் சாவியை அடுத்தவன் இடுப்பில் தொங்கவிட்ட பொதுத்துறை!

கட்டணக் கதையைக் கேளுங்கள். 2003 செப்டம்பர் 1ஆம் தேதி, டில்லியும் பம்பாயும் கல்கத்தாவும் தப்பித்துக்கொள்ள, சென்னை ஜனங்கள் தலையில் மட்டும் பெட்டியை ஏற்றினார்கள். அப்போது 30 இலவச சேனல்களுக்கு 72 ரூபாய். 2019 பிப்ரவரியில் வந்த புது முறையில் வெறும் கம்பிக் கட்டணமே 130, ஜி.எஸ்.டி. 18 சதம் சேர்த்து 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்குத் தனிக் காசு. அந்த 130க்காவது ஒரு உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அதையும் நீக்கிவிட்டது.

உச்சவரம்பு என்ற சொல்லை விவசாயத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சட்டம் போட்டு, 1970இல் 15 ஆகக் குறைத்தபோது, மிராசுதார் நாய்க்குட்டி பெயரில்கூட நிலத்தை எழுதி வைத்ததாக ஊரே சிரித்தது. அந்த மிராசுதாருக்காவது பினாமி என்ற கூச்சம் இருந்தது. இவர்களுக்கு அதுவும் கிடையாது. உச்சவரம்பையே தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இப்போது பெரிய மிராசுதாரே வந்துவிட்டார். சென்னையில் கம்பி வைத்திருந்த ஹாத்வே கம்பெனியை முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் 2019இல் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் ஸ்டார் சேனல்களும் ரிலையன்ஸ் சேனல்களும் ஒன்றாயின. நம் வீட்டு விஜய் டி.வி.யும் அதில் அடக்கம். சேனல், கம்பி, கையில் இருக்கும் ஜியோ போன், மூன்றும் ஒரே கையில். கேபிளை விட்டுப் போனுக்கு ஓடினாலும் அங்கேயும் அதே கல்லாப்பெட்டிதான் காத்திருக்கிறது.

இந்தக் கோபத்தைத் தெருவில் ஏணி தூக்கி வரும் பையன்மேல் காட்டாதீர்கள் என்று ஜனங்களிடம் சொன்னோம். மழையில் கம்பத்தில் ஏறும் அவனுக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விழுந்தால் கேட்க நாதியில்லை. சின்ன ஆபரேட்டரும் மேலே கம்பெனிக்குக் கப்பம் கட்டுகிறவர்தான். அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தச் சண்டையைப் போட வேண்டும்.

நாம் கேட்பது, கேபிள் சட்டத்தில் கலெக்டருக்கும் போலீசுக்கும் உள்ள அதிகாரத்தை மாநகராட்சிக் கவுன்சிலுக்கும் பஞ்சாயத்துக்கும் கொடு என்பது. நீக்கிய உச்சவரம்பைத் திரும்பக் கொண்டு வா. சேனல் வைத்திருப்பவன் கம்பி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போடு. அரசு கேபிள் கழகத்தின் நிர்வாகத்தில் மந்திரியின் ஆட்களை நீக்கி, சந்தாதாரர்களையும் கம்பித் தொழிலாளர்களையும் உட்கார வை. மாநகராட்சியின் கோடம்பாக்கம் மண்டல அலுவலகத்தில் கொடுக்க மனு தயாராகிறது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் காரியம்: ரசீது இல்லாமல் சந்தா இல்லை என்று கண்ணம்மாபேட்டைச் சந்து ஜனங்கள் பேசி வைத்திருக்கிறார்கள். வரும் மாதம் வசூலுக்கு வரும்போது முதல் வீட்டிலேயே கேட்கப் போகிறார்கள்.